யோம் கிப்பூர்: கழுவாய் நாள்

யூதர்கள் உண்ணாமல் பருகாமல் பாவத்துக்குக் கழுவாய், அதாவது பரிகாரம், தேடும் புனித நாள் யோம் கிப்பூர். இதைத் தமிழில் எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். யூதர்களின் மறைமொழியான எபிரேயத்தில் 'யோம்' என்றாலே நாள்தான். 'யோம் கிப்பூர் தினம்' என்று எழுதினால் நாள் இரண்டு தடவை வந்துவிடும். 'கிப்பூர்' க-ப-ர என்ற மூன்றெழுத்து வேரில் பிறந்தது. அந்த வேருக்கு 'மூடுதல்' என்று பொருள் சொல்வோரும் உண்டு, 'துடைத்தல்' என்போரும் உண்டு. எபிரேயத்தின் பண்டைய உறவுமொழியான அக்காடியத்தின் 'குப்புரு' துடைத்துத் தூய்மையாக்குவதைக் குறிப்பதால் இரண்டாவதே வலுவானது. தமிழ் முஸ்லிம்கள் அறிந்த 'கஃப்பாரா' (குற்றப் பரிகாரம்) இதன் அரபி உறவு.

பழைய தமிழ் வேதாகமம் இதை 'பாவநிவிர்த்தி செய்யும் நாள்' என்கிறது. நிவிர்த்தி என்பது நீக்கம் மட்டுமே. பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் 'கழுவாய்'தான் மூலத்துக்கு நெருக்கம்: அங்கே துடைத்தல், இங்கே கழுவுதல். புறநானூற்றின் 34ஆம் பாட்டிலேயே 'வழுவாய் மருங்கின் கழுவாயும் உள' என்று வருகிறது. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்க வேறு தேட வேண்டாம். 'கழுவாய் நாள்' என்றே எழுதலாம்.

'விரதம்' என்ற சொல்தான் இடறும். நம் விரதத்தில் பால், பழம் உண்டு. இங்கே தண்ணீரும் கிடையாது. யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 10ஆம் நாளுக்கு முந்தின மாலை, பொழுது சாயும் முன்பே தொடங்கி, மறுநாள் இருட்டும் வரை ஏறக்குறைய 25 மணி நேரம். குளியல், எண்ணெய்ப் பூச்சு, தோல் செருப்பு, தாம்பத்தியம் ஆகியவையும் விலக்கு. அதனால்தான் ஜெப ஆலயத்துக்குக் கோட்டும் சூட்டுமாக வருகிறவர் காலில் கேன்வாஸ் ஷூ இருக்கும்.

முந்தின வேளைச் சாப்பாட்டில் உப்பு கூடினால் மறுநாள் நாக்கு வறளும். காபிக்குப் பழகியவர் சில நாள் முன்பே குறைத்துக்கொள்ளாவிட்டால் நண்பகலுக்குள் தலைவலி பிடிக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் உண்பதே கடமை. சிறிதளவு போதும் என்கிற நோயாளிக்கு 9 நிமிடத்துக்கு ஒரு தடவை 30 மில்லிக்குள் உணவு என்பது பரவலான கணக்கு. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போடக்கூடாது.

மனந்திரும்புதலுக்கு எபிரேயச் சொல் 'தெஷுவா'. அதன் வேருக்கும் 'திரும்பு' என்றே பொருள். சக மனிதருக்குச் செய்த தீங்கை இந்த நாள் கழுவாது, அவரையே சமாதானப்படுத்த வேண்டும் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அவர் இணங்காவிட்டால் மூன்று தடவை வரை கேட்க வேண்டும். இறந்துவிட்டிருந்தால், பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.