நல்ல கண்ணை மூடினால்தான் தெரியும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. பட்டணத்தில் கிளினிக் வைத்திருக்கும் கண் டாக்டர் காலையிலேயே வந்து, சுவரில் ஓர் அட்டையை மாட்டி, அங்கிருந்து ஆறு மீட்டர் அளந்து தரையில் டேப் ஒட்டிவிட்டார். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து இன்னும் சரியாகப் பிடிபடாது. அதனால் அட்டை முழுக்க மூன்று பல் சீப்பு போல ஒரே உருவம். மேலே பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும்.

சீப்பின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. 1862-இல் நெதர்லாந்து டாக்டர் ஸ்னெல்லன் வகுத்தது: நல்ல கண்ணுக்கு ஆறு மீட்டரில் 8.7 மில்லிமீட்டர் உயர எழுத்து தெரிய வேண்டும். ஒரு பல்லின் தடிமன் அதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அதைப் பிரித்துப் பார்த்தால் 6/6, அதாவது இயல்பான பார்வை.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இந்தச் சோதனையே வீண். கையால் மூடச் சொன்னாலோ விரல் இடுக்கில் எட்டிப் பார்க்கும். அதனால் ஒட்டும் பட்டைதான். ஒரு சிறுமிக்கு வலக்கண்ணை ஒட்டியபோது கடைசி வரிவரை கை சரியாக நீண்டது. இடக்கண்ணை ஒட்டியதும் பட்டையைப் பிய்க்கப் போனாள். "பாப்பா, ஒரு நிமிஷம்மா" என்று டீச்சர் கெஞ்சுகிறார். டாக்டர் அதற்குள் குறித்துக்கொண்டார். நல்ல கண்ணை மூடினால் பிள்ளை அடம் பிடிக்கும்.

முறுக்கில் ஏறிய எறும்பைக்கூடக் காட்டிக்கொடுக்கும் பிள்ளை, வீட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்? அவளுக்கே தெரியாது. ஒரு கண்ணில் பவர் கூடுதல் என்றால் அதிலிருந்து மங்கல் படம்தான் போகும். மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணையே நம்பப் பழகும். சோம்பேறிக் கண் என்று பெயர். பாவம், கண்மேல் வீண் பழி. 1960-களில் ஹூபெல், வீசெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்தார்கள். திறந்த பிறகும் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிகக் குறைவு. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. இந்த வழி ஆராய்ச்சிகளுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளுக்கும் ஏழு வயதுக்குள் பிடித்தால் சரிசெய்வது சுலபம். அப்புறம் கடினமாகிக்கொண்டே போகும்.

அடுத்த வாரம் கிளினிக்கில் சொட்டு மருந்து. சின்னப் பிள்ளைகளின் கண் தசை இறுக்கிப் பிடித்துத் தூரப்பார்வைக் குறையை (பிளஸ் பவரை) மறைத்துவிடும். மருந்து அதைத் தளர்த்தும். பிறகு ஒரு கோடு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் ஆட்டுவார். கண்மணிக்குள் தெரியும் சிவப்பு ஒளியும் கூடவே நகரும், அல்லது எதிர்ப்பக்கம் ஓடும். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து அந்த ஓட்டம் நின்றுபோகும் இடத்தைப் பிடித்தால் பவர் கிடைத்துவிடும். பிள்ளை வாயே திறக்க வேண்டாம்.

முதலில் கண்ணாடி. சில மாதம் போட்டும் போதாவிட்டால்தான் பட்டை. நடுத்தரக் குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் போதும். "நல்ல கண்ணையா மூடச் சொல்றீங்க?" என்று பாட்டி கேட்டார். "ஆமா பாட்டி, அப்பதான் மத்தது வேலை செய்யும். அந்த நேரத்துல நுணுக்கமா ஏதாவது பார்க்க வைங்க."

பாட்டி பயற்றில் கல் பொறுக்கும் தட்டைக் கொடுத்துவிட்டார்.