ஷிம்: ஆப்பா, சக்கையா, சிம்பா?

கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் சிறு விமானம், கட்டுகிறவர்கள் கேபினுக்குள் பக்கவாட்டுப் பேனல்களை மாட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஷிம் என்ற சொல் வாயில் வந்துகொண்டே இருக்கும். பேனலுக்கும் அது உட்காரவேண்டிய சட்டத்துக்கும் நடுவே விழும் இடைவெளியை நிரப்ப வைக்கிற மெல்லிய துண்டுதான் ஷிம். அலுமினியத் தகடாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம், அந்த இடத்திலேயே பூசி இறுகவிடும் எபாக்சி என்ற பிசினாகக்கூட இருக்கலாம். இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

இது இங்கிலாந்தின் கென்ட் வட்டாரச் சொல். 18-ஆம் நூற்றாண்டில் உழவுக்கருவியில் மண்ணைச் சுரண்டுவதற்காகப் பொருத்திய இரும்புத் துண்டை அப்படிச் சொன்னார்கள். இடைவெளி நிரப்பும் துண்டு என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முந்தைய வேர் இன்னதென்று அகராதிகளுக்கே தெரியாது.

தமிழில் பலரும் சட்டென்று ஆப்பு என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆப்பு என்பது அடித்து இறக்குவது, பிளக்கவோ இறுக்கவோ விசை கொடுப்பது. ஷிம்மின் வேலை நேர் எதிரானது: இருக்கக்கூடாத விசையை வரவிடாமல் தடுப்பது. கண்ணாடியிழைப் பேனலின் ஒரு மூலை சட்டத்தைவிட்டு 2 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; திருகை முறுக்கியே அதை இழுத்து ஒட்டவைத்துவிடலாம், பார்க்கவும் ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் வளைந்த பேனலின் இறுக்கம் முழுக்கத் திருகுத்துளையைச் சுற்றியே தங்கி, எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அந்த 2 மி.மீ.யை நிரப்பிவிட்டால் பேனல் தன் வடிவத்திலேயே நிற்கும்.

சக்கை இன்னும் நெருக்கமான சொல், சந்தில் செருகும் சில்லு என்ற பொருள் அதற்கு உண்டு. ஆனால் சக்கைக்குத் திட்டமான கனம் கிடையாது. என் தேர்வு சிம்பு. மூங்கில் சிம்பு, எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது என்று மெல்லிய பட்டைக்கு ஏற்கெனவே வழங்குகிற சொல் அது. ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், இரண்டுக்கும் வேர் ஒன்று என்று சொல்ல ஆதாரம் இல்லை.

கூட்டுச்சொற்களும் எளிதாக வரும். சுமார் 0.05 மி.மீ. கனமுள்ள படலங்களை ஒட்டிச் செய்து, வேண்டிய அளவுக்கு உரித்தெடுக்கும் வகையை அடுக்குச் சிம்பு எனலாம், எபாக்சி வகையைப் பூச்சுச் சிம்பு எனலாம். வினையாகச் சொன்னால் சிம்பு வைத்தல்: எல்லாத் திருகுகளையும் நடுவிலிருந்து தொடங்கித் தளர்வாக மாட்டி, இடைவெளியை ஃபீலர் கேஜில் (சந்தில் நுழைத்து அளக்கும், கனம் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) அளந்து, அதே கனத்துக்கு வெட்டி, ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் விட்டால் பேனலுக்குப் பின்னால் நழுவிக் கட்டுப்பாட்டுக் கேபிளில் போய்ச் சிக்கலாம்.

இன்னொன்று, துளைகள் பக்கவாட்டில் விலகியிருந்தால் சிம்பு உதவாது. அப்போது பேனலின் துளையைத்தான் கொஞ்சம் நீளவாக்கில் அராவி, அகலமான வாஷர் போடவேண்டும்.