வாங்கி வரும் குச்சியில் மாவுப்பூச்சி இருக்கிறதா?

முற்றிய குச்சியை ஊன்றிச் செடி ஆக்குவதைக் கொங்கு நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி நிற்கும் கிளுவை வேலியெல்லாம் போத்து (வெட்டிய கிளை) நட்டு வந்ததுதான். அதே பழக்கத்தில்தான் செம்பருத்தி, காகிதப்பூ, அரளி என்று வாசலிலும் ஊன்றுகிறோம். நாற்றுப் பண்ணைக்கு வருபவர்கள் பெரும்பாலும் “வேர் விட எந்த ஹார்மோன் போடணும்?” என்று கேட்கிறார்கள். “எந்தச் செடியில் வெட்டுறது?” என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பூ அழகாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் நாலு குச்சி ஒடித்து வருகிறோம். ஒடிக்கும் முன் தாய்ச்செடியை ஒரு சுற்று பாருங்கள். கணுவிடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை, சுருண்டு முடிச்சாகிப்போன கொழுந்து, தண்டில் ஏறி இறங்கும் எறும்புச் சாரை. இவை தெரிந்தால் அங்கே சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் செடி வேண்டாம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது 2008-இல், நம்ம கோயம்புத்தூரில்தான். அது பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எல்லாவற்றிலும் ஏறியது. உடம்பு மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. கண்டபடி மருந்தடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். வாசல் செம்பருத்தியில் இருப்பது பக்கத்துத் தோட்டத்து மல்பெரிக்குப் போக வெகுநேரம் ஆகாது. அதனால் புதுக் குச்சிகளை வேர் பிடிக்கும்வரை மற்ற செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள்.

சரி, வெட்டு. பென்சில் கனம், பட்டை பழுப்பேறிய தண்டு, ஏறக்குறைய ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடியில் கணுவை ஒட்டிச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் குழப்பம் வராது. ஐ.பி.ஏ. என்ற வேர் ஹார்மோன் தூள் காகிதப்பூவுக்குக் கைகொடுக்கும். அரளிக்கு அது வெட்டிச் செலவு. பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று பை முழுக்க அதையே நிரப்பாதீர்கள். உப்புப் போகக் கழுவி, மணலும் செம்மண்ணும் கலந்தால்தான் தண்ணீர் வடியும்; இல்லாவிட்டால் அடி அழுகும். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் வைத்தால் குச்சி காய்ந்துபோகும். ஐப்பசி ஈரம் தோது.

துளிர் விட்டதும் “பிடிச்சிருச்சு” என்று சந்தோஷப்படுவது வழக்கமான அவசரம். குச்சிக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை வைத்தே முதல் இலைகள் வந்துவிடும். அப்போது கீழே ஒரு வேர்கூட இல்லாமல் இருக்கலாம். அதைப் பிடுங்கிப் பார்த்தால் கதை முடிந்தது. பையின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள். காகிதப்பூ வேர் சட்டென்று ஒடியும், மாற்றி நடும்போது மண்கட்டி உடையக் கூடாது.

அப்புறம், அரளி. வெட்டிய தழையை வேலியோரம் வீசிவிட்டுப் போகாதீர்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, ஆடு மாடு கொஞ்சம் தின்றாலே ஆபத்து. குழி வெட்டிப் புதையுங்கள். எரித்தால் புகையும் கெடுதல். வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.