எத்தனை பேப்பர் என்று கேட்காதீர்கள், பட்டியலைக் கேளுங்கள்

வருடம் முடிகிற நேரத்தில் என் மேசைக்கு ஓர் எக்செல் ஷீட் வரும். எங்கள் பேராசிரியர்கள் அந்த வருடம் எழுதி வெளியான ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். பிஸினஸ் ஸ்கூல் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. அந்த ஷீட்டைச் சரிபார்த்து, கடைசியில் ஒற்றை எண்ணாக்கி மேலே அனுப்ப வேண்டும். அந்த எண் அப்புறம் இணையதள முகப்பில் ஏறும், அட்மிஷன் விளம்பரத்தில் ஏறும், அங்கீகாரக் குழு வரும்போது முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் நிற்கும். அதைச் சமைக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு கல்லூரியை எடை போடாதீர்கள்.

ஒருமுறை இருநூற்றுச் சொச்சம் வரிகளோடு வந்த ஷீட், நான் பார்த்து முடித்தபோது நூற்று முப்பதுகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே கட்டுரையை எங்கள் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதியிருந்தார்கள், நால்வரும் தனித்தனியாகப் பதிந்திருந்தார்கள், ஒருவர் தலைப்பில் காற்புள்ளி வைத்தார், இன்னொருவர் வைக்கவில்லை, கம்ப்யூட்டருக்கு அது வேறு வேறு கட்டுரை. கருத்தரங்கில் வாசித்த ஒரு பக்கச் சுருக்கம் ஒரு வரி, அதுவே விரிந்து இதழில் வந்தது இன்னொரு வரி. வருட நடுவில் சேர்ந்தவர், பழைய இடத்தில் எழுதியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரோ ஒருவர் நண்பரின் புத்தகத்துக்கு எழுதிய அணிந்துரைகூட ஆய்வு வெளியீடாக உட்கார்ந்திருந்தது. பெரும்பாலான கட்டுரைகளுக்கு டிஓஐ என்று ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு, அதை வைத்து வரிசைப்படுத்தினால் இந்த இரட்டைப் பிறவிகள் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் சிக்கிவிடும். ஆனால் அதைச் செய்ய யாருக்கும் அவசரம் இருக்காது. செய்தால் எண் குறையுமே!

வியாபாரம் சொல்லித்தரும் இடத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1959-ல் அமெரிக்காவில் ஃபோர்டு, கார்னெகி அறக்கட்டளைகளின் பணத்தில் இரண்டு அறிக்கைகள் வந்தன. பிஸினஸ் ஸ்கூல்கள் தொழிற்பயிற்சிக் கூடம் மாதிரி நடக்கின்றன, பாடத்துக்குப் பின்னால் உறுதியான ஆய்வு அடித்தளம் இல்லை என்று இரண்டுமே கடுமையாகச் சொல்லின. அதன் பிறகுதான் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் கணித ஆட்களும் இந்தக் கல்லூரிகளுக்குள் பெரிய அளவில் வந்தார்கள். நிறைய நல்லது நடந்தது. கூடவே, யார் எவ்வளவு ஆராய்ச்சி செய்கிறார் என்று அளக்கிற வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது.

எந்த இதழில் வந்தால் மதிப்பு என்று அளப்பதற்கு ஆளுக்கொரு பட்டியல். ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் வைத்திருப்பது 50 இதழ்களின் பட்டியல், அவர்களுடைய எம்பிஏ தரவரிசையில் ஆய்வுக்குப் பத்து சதவீதம் மதிப்பு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் 24 இதழ்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பிஸினஸ் டீன்கள் ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள், பிரிட்டனில் நான்கு நட்சத்திரம் வரை உண்டு. இந்த உச்சி இதழ்களில் ஒரு கட்டுரை வர, அனுப்பிய நாளிலிருந்து இரண்டு மூன்று வருடம் ஆவது சாதாரணம், நூறு அனுப்பினால் பத்துகூட ஏற்காத இதழ்களும் அவற்றில் உண்டு. ஆக, ஓர் ஆசிரியர் ஐந்து வருடத்தில் இரண்டே கட்டுரை போட்டிருக்கிறார் என்றால் அவர் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. இன்னொருவர் ஒரே வருடத்தில் முப்பது போட்டிருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

சரி, அந்த முப்பதில் ஒன்றைத் திறந்து பார்ப்போம்.

மேலாண்மைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு 384 என்ற எண் நன்றாகப் பழக்கமாகியிருக்கும். 1970-ல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள்: மொத்தம் இத்தனை பேர் இருக்கும் கூட்டத்தில் எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று. பத்து லட்சம் பேருக்கு 384. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, எத்தனை சதவீதம் பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று மதிப்பிடுவதற்கான கணக்கு அது. நம் கட்டுரையில் நடப்பது வேறு. கூகுள் படிவம் ஒன்று தயாராகும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், நிரப்பியவர்கள் பெரும்பாலும் எழுதியவரின் மாணவர்களும் மாணவர்களின் நண்பர்களும். மிகவும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள், நாற்பது கேள்விகள், பன்னிரண்டாவது கேள்விக்கு மேல் எல்லோருமே நான்காவது கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போயிருப்பார்கள். கடைசியில் 384 பதில்கள் சேர்ந்ததாகக் கட்டுரை சொல்லும், 383 இல்லை, 391-உம் இல்லை. கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் இருக்கும், எட்டுக் கருதுகோள்கள் இருக்கும், எட்டும் நிரூபணமாகியிருக்கும். நினைத்தது எட்டும் பலித்த ஆளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை, கட்டுரைகளில் மட்டும் வாரம் ஒருவரைப் பார்க்கிறேன்.

முடிவு தெரிந்த பிறகு, முதலிலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று கருதுகோளை எழுதுகிற இந்தப் பழக்கத்துக்கு 1998-லேயே நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் ஒரு பெயரே வைத்துவிட்டார், ஹார்க்கிங் என்று. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாள் தயாரிப்பது மாதிரி. இதில் மோசடி செய்கிறோம் என்ற உணர்வே பலருக்கு இருப்பதில்லை, வழிகாட்டி அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், அவருக்கு அவருடைய வழிகாட்டி.

இதற்கு ஒரு படி கீழே இறங்கினால் வேறு கடை. ஒருநாள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் ஆசிரியர் ஒருவர் சந்தோஷமாக என் அறைக்கு வந்தார். "மேடம், ஸ்கோபஸ் பேப்பர் ஏத்துக்கிட்டாங்க, நாலே நாள்ல!" ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஒரு தரவுத்தளம், அதில் இருக்கும் இதழில் வந்தால் மதிப்பு. ஆனால் நாலே நாள் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டுரையை ஏற்கும் முன் துறை ஆட்கள் படித்து எழுதும் மதிப்பாய்வு அறிக்கையைக் காட்டச் சொன்னேன். மொத்தம் இரண்டு வரி: நன்றாக இருக்கிறது, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும். இதழின் பெயர் உண்மையான இதழ்தான், பழைய, மரியாதையான இதழ். ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணும் சரி. ஆனால் ஸ்கோபஸில் அந்த இதழின் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து இணையதளத்தைச் சொடுக்கினால் வேறு ஒரு தளம் திறக்கிறது, இவர் பணம் கட்டிய தளம் அது இல்லை. அசலின் பெயரையும் எண்ணையும் அட்டைப் படத்தையும் அப்படியே எடுத்து யாரோ ஒரு நகலை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "பிரமோஷன் ஃபைல் வெள்ளிக்கிழமை போகணும் மேடம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை பேப்பர் இல்லையென்றால் இன்க்ரிமென்ட் இல்லை என்று எழுதி வைத்துவிட்டு, படிப்பிக்க வாரம் பதினெட்டு மணி நேரமும் கொடுத்தால், நாலு நாள் கடைக்கு வாடிக்கையாளர் வராமல் எங்கே போவார்?

ஸ்கோபஸில் இருக்கிறது என்பதையே முத்திரையாக நினைப்பவர்களுக்கு ஒன்று. அது எல்செவியர் நிறுவனம் 2004-ல் தொடங்கிய தரவுத்தளம், இதழ்களைச் சேர்ப்பார்கள், தரம் விழுந்தால் நிறுத்தவும் செய்வார்கள். ஸ்கோபஸில் இருந்தது என்றால் அன்றைக்கு இருந்தது, அவ்வளவுதான். பெரிய பதிப்பகத்தின் குடையும் காப்பாற்றாது. வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி இதழ்களில் சிறப்பிதழ் வழியாகப் போலிக் கட்டுரைகள் கூட்டமாக நுழைந்து, 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கட்டுரைகளைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அடுத்தவர் எழுதியதை மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றும்போது கலைச்சொற்களும் மாறிவிடும். 2021-ல் கியோம் கபனாக்கும் சக ஆய்வாளர்களும் இவற்றைத் தொகுக்க ஆரம்பித்தார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இருக்க வேண்டிய இடத்தில் போலிப் பிரக்ஞை என்று இருக்கும், பெருந்தரவு என்பது பிரம்மாண்டத் தகவல் ஆகியிருக்கும். இரண்டு மதிப்பாய்வாளர்களும் ஓர் இதழாசிரியரும் படித்துத் தாண்டவிட்ட கட்டுரை என்று பெயர்.

அப்படியானால் உச்சி இதழ் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. 2012-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில், பிஸினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள் ஐவர் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. படிவத்தின் கீழே கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக மேலேயே வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புகிறார்கள் என்பது முடிவு. செலவே இல்லாத யோசனை, பிடித்துக்கொண்டார்கள். 2020-ல் அதே ஆய்வாளர்கள் மேலும் சிலரோடு சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை, அதையும் நேர்மையாக வெளியிட்டார்கள், பழைய தரவையும் பொதுவில் வைத்தார்கள். கதை அங்கேதான் திரும்பியது. அதில் ஒரு சோதனை, கார் காப்பீட்டு வாடிக்கையாளர்கள் ஓட்டிய மைல் கணக்கு. டேட்டா கொலாடா என்ற வலைப்பதிவில் எழுதும் ஆய்வாளர்கள் 2021-ல் அந்த எக்செல் கோப்பைப் பற்றி எழுதினார்கள். கொஞ்சம் ஓட்டியவரும் ஏகப்பட்டது ஓட்டியவரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தார்கள், 50,000 மைலுக்கு மேல் ஓட்டியவர் ஒருவருமில்லை. நிஜத்தில் எந்த ஊர்க் கார்களும் அப்படி ஓடாது. இன்னும் ஒன்று, அந்தக் கோப்பில் முதல் மைல் அளவுகளில் பாதி கலிப்ரி எழுத்துருவிலும் மறுபாதி கேம்ப்ரியா எழுத்துருவிலும் இருந்தன, ஒரு பாதி பின்னால் சேர்க்கப்பட்டது என்பதற்கான தடயம் அது. அந்தத் தரவு புனையப்பட்டது என்பதை எழுதியவர்களே ஏற்றுக்கொண்டார்கள், யார் புனைந்தது என்பதில்தான் சர்ச்சை. கட்டுரை அதே வருடம் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆராய்ச்சி என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வருடாந்தர ஷீட்டில் அந்தக் கட்டுரையும் ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும். இதற்கு நேர் எதிரான ஒன்றும் சொல்கிறேன். ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஆப்ஷன், அதாவது பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை, அதன் விலையைக் கணக்கிடும் கட்டுரையை 1970-ல் முதலில் ஓர் இதழுக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தது. இன்னோர் இதழ், அங்கிருந்தும் திரும்பி வந்தது. கடைசியில் 1973-ல்தான் அச்சில் வந்தது, 1997-ல் ஷோல்ஸுக்கும் ராபர்ட் மெர்ட்டனுக்கும் நோபல், பிளாக் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். 1970, 71, 72 ஆகிய மூன்று வருடமும் என்னை மாதிரி ஓர் ஆள் ஷீட் போட்டிருந்தால் அந்தக் கட்டுரைக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதியிருப்பேன்.

எனவே பிஎச்டிக்கோ எம்பிஏவுக்கோ வேலைக்கோ ஓர் இடத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், மொத்த எண்ணை விட்டுவிட்டுக் கடந்த மூன்று வருடப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலே தராத இடமென்றால் அதுவே ஒரு பதில். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரிகளைத் தொடுங்கள். டிஓஐ திறக்கிறதா, எழுதியவர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாரா, நிதியிலும் சுற்றுலாவிலும் நர்ஸிங்கிலும் ஒரே வருடத்தில் எழுதிய மேதை யாராவது இருக்கிறாரா, ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது இலவசம்தான். பிஎச்டி என்றால் இன்னொன்றும் முக்கியம்: வழிகாட்டியின் பழைய மாணவர்கள் கட்டுரையில் முதல் பெயராக இருக்கிறார்களா, இல்லை எல்லாக் கட்டுரையிலும் கடைசிப் பெயராகத் தொங்குகிறார்களா. ஒரு மாணவரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினால் இணையதளம் சொல்லாததெல்லாம் வந்துவிடும். இம்பாக்ட் ஃபேக்டரைக் காட்டி மயக்கினால் மயங்காதீர்கள், அது ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதன் சராசரி, கட்டுரையின் மதிப்பெண் இல்லை. ஆய்வாளர்களை அதை வைத்து மதிப்பிடாதீர்கள் என்று, ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்லியே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன முறை பேராசிரியர்களுக்கு நிரப்பச் சொல்லி ஷீட் அனுப்பும்போது நானாகவே ஒரு நெடுவரிசை கூடுதலாகச் சேர்த்தேன். தலைப்பு: இந்தக் கட்டுரையில் என்ன கண்டுபிடித்தீர்கள், உங்கள் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி ஒரே வரியில். கட்டாயமில்லை என்றும் போட்டிருந்தேன். பாதிப் பேர் காலியாக விட்டார்கள், சிலர் கட்டுரைச் சுருக்கத்தையே ஒட்டிவிட்டார்கள், ஒருவர் போன் செய்து இதெல்லாம் உங்கள் வேலையா என்று கேட்டார். அந்த நாலு நாள் ஆசிரியர் மட்டும் இரண்டு நாள் கழித்து ஷீட்டைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு ஐந்து வரிகள் இருந்தன, மூன்றை அவரே நீக்கியிருந்தார்.