மீட்பு: அடகுச் சீட்டில் இருக்கும் வேதச் சொல்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விலை இறங்கினால் அது முதலில் தெரிவது பெண்களின் காதில்தான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று எந்த ஊரானாலும் விதைப் பூண்டுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் கம்மலோ சங்கிலியோ அடகுக்குப் போகும். பூண்டு பிடுங்கி, காயவைத்து, வடுகபட்டிச் சந்தையில் மூட்டை இறங்கிக் கணக்கு முடிந்த பிறகுதான் அது வீட்டுக்கு வரும். விலை படுத்த வருஷம் காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருப்பார்கள்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் மனப்பாட வசனம் அப்போஸ்தலர் 4:12. “அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை.” எல்லாரும் ராகம் போட்டுச் சொன்னார்கள். முடிந்ததும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், “இரட்சிப்புன்னா என்னக்கா?” காப்பாற்றுவது என்றேன். “நூத்தியெட்டு வண்டி மாதிரியா?” என்றாள். ஓரளவுக்குச் சரிதான், ஆனாலும் எனக்கு நிறைவாக இல்லை. இன்னொரு மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் ‘மீட்பு’ என்று இருக்கிறது என்று சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்தவள், “எங்கம்மா கம்மலை மீட்டாங்களே, அது மாதிரியாக்கா?” என்றாள். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களும் மனதைவிட்டுப் போகவில்லை.

முதலில் இரட்சிப்பு. இது வடமொழியின் ‘ரக்ஷ்’ என்ற வேரிலிருந்து வந்தது. காத்தல், காவல் செய்தல் என்பது அதன் பொருள். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் முன்னால் ஓர் இகரம் வந்தது. ‘க்ஷ’ என்பது ‘ட்ச’ ஆனது. கடைசியில் நம் ‘ப்பு’ விகுதி சேர்ந்துகொண்டது. கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. தானம் கொடுத்த அரசர்களின் கல்வெட்டுகள் முடியும் இடத்தில், இந்தத் தர்மத்தை ரக்ஷிப்பவனின் பாதம் என் தலைமேல் என்ற வாசகம் திரும்பத் திரும்ப வரும். அங்கே என்ன பொருள்? ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கெடாமல் காப்பது. இரட்சை கட்டுவதும் அப்படித்தான், கெட்டது வருமுன் போடும் காப்பு.

இந்தச் சொல் வேதத்துக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் முதலில் அச்சான கிறிஸ்தவப் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வந்தது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவத் தமிழில் போர்த்துக்கீசியச் சொற்கள் நிறைய இருந்தன. இன்றும் நாம் சொல்லும் ‘குருசு’ அதில் மிச்சம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி அதை மாற்ற நினைத்தார். இந்த ஊரில் சமயம் பேசுகிறவர்கள் எந்த மொழியில் பேசினார்களோ அதிலேயே பேச வேண்டும் என்று வடமொழிச் சொற்களை எடுத்தார். அவற்றுக்கு அன்று மதிப்பு இருந்தது, கோயிலிலும் மடத்திலும் அவைதான் புழங்கின. பின்னால் வந்த சீர்திருத்தச் சபையாரும் அதே வழியில் போனார்கள். 1714-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது. அதே நூற்றாண்டில் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. 1871-இல் பாதிரியார் பவர் ஐயர் தலைமையிலான குழு, இன்றும் பெரும்பாலான சபைகளில் வாசிக்கிற வேதத்தை முடித்தது.

அந்தக் குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். தமிழ் வடமொழியின் உதவி இல்லாமலே தனித்து நிற்கும், நிற்பது மட்டுமல்ல தழைக்கவும் செய்யும் என்று 1856-இல் எழுதியவர் அவர். 1891-இல் இதே கொடைக்கானலில்தான் அவர் உயிர் பிரிந்தது, உடல் இடையன்குடிக்குப் போனது. அவ்வளவு சொன்னவர் இருந்த குழுவின் வேதத்தில் இரட்சிப்பு அப்படியே இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் வாயில் ஜெபமாகிப்போன ஒரு சொல்லை இலக்கணம் படித்தவர்கள் கூடி எடுத்துவிட முடியாது என்பதாகவே நான் பார்க்கிறேன்.

சரி, மூலத்தில் என்ன இருக்கிறது? புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். ஒன்று ‘சோத்தேரியா’. ஆபத்திலிருந்து தப்புவித்தல், நோயிலிருந்து குணமாக்குதல் இரண்டும் அதில் அடங்கும். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு உள்ள) ஸ்திரீயிடம் இயேசு, “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்கிறாரே, அங்கே உடம்பு சுகமானதைத்தான் அந்த வினை சொல்கிறது. காப்பாற்றினவர் ‘சோத்தேர்’. அந்தப் பட்டத்தைத் தாலமி போன்ற அரசர்கள் சூட்டிக்கொண்டார்கள், ரோமப் பேரரசர்களும் விடவில்லை. ஒரு தச்சர் மகனை மக்கள் அப்படி அழைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். இயேசு என்ற பெயரிலேயே எபிரெயத்தின் ‘காப்பாற்றுதல்’ என்ற வேர் இருக்கிறது.

இன்னொரு கிரேக்கச் சொல் ‘அப்போலுத்ரோசிஸ்’. இதன் அடியில் ‘லுத்ரோன்’ இருக்கிறது. அடிமையையோ சிறைப்பட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கிற விலை அது. பவர் குழு இதற்கு இரட்சிப்பு போடவில்லை, ‘மீட்பு’ போட்டது. எபேசியர் 1:7-இல் “பாவமன்னிப்பாகிய மீட்பு”. மாற்கு 10:45-இல் “அநேகரை மீட்கும்பொருளாக”. யோபு சொல்வது “என் மீட்பர் உயிரோடிருக்கிறார்”. ஆகவே மீட்பு என்பது பிற்காலத்தில் தனித்தமிழ் ஆர்வத்தால் நுழைத்த சொல் என்று யாராவது சொன்னால் பழைய வேதத்தையே திறந்து காட்டலாம். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு செய்தது, இரட்சிப்பு இருந்த இடங்களிலும் மீட்பையே வைத்ததுதான்.

மீட்பின் வேர் ‘மீள்’. மீள்கிறான், மீண்டான் என்றால் தானே திரும்பி வருவது. மீட்கிறான், மீட்டான் என்றால் வேறொருவர் திரும்பக் கொண்டுவருவது. (வீணை மீட்டுவது வேறு வினை. அங்கே ‘மீட்டினான்’ என்று வரும், இங்கே ‘மீட்டான்’.) இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். மீள் என்பதிலிருந்து ‘மீட்சி’ வரும். இராமன் அயோத்திக்குத் திரும்புவதைக் கம்பர் பாடும் பகுதிக்கு மீட்சிப் படலம் என்று பெயர். மீட்பு அப்படியல்ல, அதற்கு இன்னொருவர் கை வேண்டும். கிறிஸ்தவ விசுவாசம் மனிதனைப் பற்றிச் சொல்வதும் அதுதானே. நான் நல்லவனாகி மேலே ஏறிப்போய்க் கடவுளைப் பிடித்தேன் என்று அது சொல்வதில்லை. அவர் இறங்கி வந்து என்னை எடுத்தார் என்கிறது. கம்மல் தானாக அடகுக் கடையிலிருந்து நடந்து வராது. மீட்சியும் மீட்பும் ஒன்று என்று நினைத்துப் பிரசங்கத்தில் மாற்றிப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னும் பழைய வாசம் ஒன்று உண்டு. பகைவர் ஓட்டிக்கொண்டு போன ஆநிரையை மீட்பதைக் கரந்தைத் திணை என்றார்கள். மீட்கப்போய் உயிர்விட்டவனுக்கு ஊரார் நடுகல் நட்டார்கள். நம் மலை இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனின் கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கவர்ந்த பக்கமோ காத்த பக்கமோ, மாட்டுக்காக உயிர் போயிருக்கிறது. தொலைந்ததை உயிர் கொடுத்துத் திரும்பக் கொண்டுவருவது என்ற நினைப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. “நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான்” என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

இனி பாவம். அதுவும் வடசொல்தான், ஆனால் வள்ளுவரே “பகைபாவம் அச்சம் பழியென நான்கும்” என்று எடுத்தாண்டுவிட்டார், அதனால் அதைத் தேடிப் பிடித்து வெளியேற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. தமிழில் தீவினை உண்டு. ஆனால் அது செய்த செயலைச் சொல்கிறது, செய்தவன் அகப்பட்டுக்கொண்ட நிலையைச் சொல்வதில்லை. வேதத்தில் பாவம் ஒரு செயல் மட்டுமில்லை. “பாவத்துக்குக் கீழாக விற்கப்பட்டு” என்கிறார் பவுல். “பாவஞ்செய்கிற எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்” என்கிறார் இயேசு. அதற்குச் சற்று முன்புதான் “சத்தியம் உங்களை விடுதலையாக்கும்” என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குக் கோபம் வந்தது. நாங்கள் யாருக்கும் அடிமையாக இருந்ததே இல்லை என்றார்கள். அடகில் இருக்கிறோம் என்பது தெரியாமலே இருப்பதுதான் அந்த நிலையின் கொடுமை. வட்டி ஏறிக்கொண்டே போய்க் கெடு தாண்டினால் நகை ‘மூழ்கிப்போச்சு’ என்போம். பாவத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அடகில் இருந்தாலும் நகை அம்மாவுடையதுதான், கடைக்காரருடையது இல்லை. லேவியராகமம் 25-இல், ஏழ்மையால் ஒருவன் விற்ற நிலத்தை அவன் இனத்தான் வந்து மீட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யோபு சொன்ன ‘மீட்பர்’ அந்த உறவுக்காரரைக் குறிக்கும் எபிரெயச் சொல்தான். வழிப்போக்கர் யாரும் வந்து மீட்பதில்லை. உறவு இருப்பதால்தான் வருகிறார், தன்னுடையது என்பதால்தான் விலை கொடுக்கிறார். இரட்சிப்பு என்ற சொல்லில் காவல் இருக்கிறது, இந்த உறவும் விலையும் இல்லை. பேதுருவின் நிருபம் இன்னும் நேராகவே பேசுகிறது: “வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்,” கிறிஸ்துவின் இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று.

அப்படியானால் அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்? சாத்தானா? பழைய சபையில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம் என்ற இறையியலாளர் அதை மறுத்தார், பிசாசுக்குக் கடவுள் கடன்படவில்லை என்று. நானும் அவர் பக்கம்தான். உவமையை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அடகுக் கடைக்காரர் யார் என்று தேடிக்கொண்டு போகக் கூடாது.

சரியான தமிழ்ச் சொல் எது என்று கேட்டால், மீட்பு என்பேன். வீடு, வீடுபேறு என்று சிலர் சொல்கிறார்கள். அது ‘விடு’ என்பதிலிருந்து வந்தது, பிறவியை விட்டு நீங்குவது. நம் விசுவாசமோ உடம்பும் உயிர்த்தெழும் என்கிறது, அதனால் பொருந்தவில்லை. ‘உய்வு’ என்று ஒன்று இருக்கிறது. “உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு” என்ற குறளில் வருமே, அது. சோத்தேரியாவின் தப்புதல் என்ற பொருளுக்கு இது மிக நெருக்கம். பேச்சில் புழங்காமல் போனதால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். எழுதுகிறவர்கள் கொண்டுவந்தால் நான் சந்தோஷப்படுவேன். மீட்புக்கோ இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை வரைக்கும் இடம் உண்டு. பள்ளத்தில் விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்குவதும் மீட்பு, கம்மலைக் கொண்டுவருவதும் மீட்பு. கிரேக்கத்தின் இரண்டு சொற்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

அதற்காக ‘இரட்சகர்’ வரும் பழைய பாட்டில் கைவைக்க வேண்டாம். ராகமும் கெடும், பாட்டியின் ஜெபமும் அந்நியமாகும்.

அப்புறம் ஒன்று. ரசீதில் மீட்பு என்று போட்டிருந்தாலும் எங்கள் ஊரில் பாதிப் பேர் ‘நகையைத் திருப்பணும்’ என்றுதான் சொல்வார்கள். மீள்வது, மீட்பது போலவே திரும்புவது, திருப்புவது. நகையைத் திருப்புகிறோம், மனிதன் மனந்திரும்புகிறான். சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு நாள், பூண்டுக்காட்டில் கூலி வேலை செய்கிற பாட்டி ஒருவர் எழுந்தார். எழுதப்படிக்கத் தெரியாதவர், இரட்சிப்பு என்று சொல்ல வாய் வராது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரே வரிதான் சொன்னார்: “ரொம்ப நாள் வெளிய கிடந்தேன், ஆண்டவரு என்னையத் திருப்பிட்டாரு.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.