காப்பும் காவலும்: ஒரு கொதிகலனுக்கு இரண்டு கணக்குகள்

கொழும்பின் புறநகரில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கொதிகலன் அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் பக்கத்தில், இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கிய அளவில் ஒரு ரவுட்டர் பச்சை விளக்கு மின்ன ஒட்டப்பட்டிருந்தது. அதற்குள் நாம் தொலைபேசியில் போடுவதைப் போன்ற ஒரு சிம் அட்டை. பராமரிப்புக்கு வரும் நிறுவனம், ஒவ்வொரு சிறு கோளாறுக்கும் ஆள் அனுப்பாமல் தன் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வதற்காக அதைப் பொருத்தியிருந்தது. உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல், அடியில் ஒட்டியிருந்த தாளிலேயே தெளிவாகத் தெரிந்தது. "அது எந்த நேரமும் ஒன்லதான் சேர் இருக்கும்" என்றார் கொதிகலனை இயக்குபவர்.

அந்தக் கொதிகலனுக்கான பாதுகாப்பு மதிப்பீட்டு ஆவணத்தை அன்று காலையில்தான் படித்திருந்தேன். கவனமாக எழுதப்பட்ட நல்ல ஆவணம். அதன் எந்தப் பக்கத்திலும் அந்த ரவுட்டரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அது ஏன் பாரதூரமான குறை என்பதை விளக்க, கொதிகலன் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சொல் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். தற்செயலான கோளாறிலிருந்து காப்பதையும், கெட்ட நோக்கத்தோடு வருபவரிடமிருந்து காப்பதையும் தமிழில் "பாதுகாப்பு" என்றே சொல்லிவிடுகிறோம். தொழிற்சாலைத் தளத்தில் "சேஃப்டி" என்றால் தலைக்கவசமும் சப்பாத்தும். "செக்யூரிட்டி" என்றால் வாசலில் நிற்பவர். இந்தக் கட்டுரையில் முதலாவதைக் காப்பு என்றும் இரண்டாவதைக் காவல் என்றும் எழுதுகிறேன். தீங்கு அண்டாதிருக்கக் காப்புக் கட்டுகிறோம், கள்வன் வராதிருக்கக் காவல் இருக்கிறோம். தமிழுக்கு இந்த வேறுபாடு புதியதன்று.

ஆடைத் தொழிற்சாலையில் துணிக்கு அழுத்தி (இஸ்திரி) போடும் நீராவி கொதிகலனிலிருந்து வருகிறது. நான் பார்த்தது உலை எண்ணெயில் எரிவது. சுவாலையிலிருந்து வரும் சூடான வாயு உருக்குக் குழாய்களுக்குள்ளே ஓட, அவற்றைச் சுற்றி நீர் நிற்கும். 7 பார் அழுத்தத்தில் அந்த நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ். உள்ளே ஓடும் வாயு அதைவிடப் பன்மடங்கு சூடானது என்றாலும், நீர் சூழ்ந்திருக்கும் வரை வெப்பம் நீருக்குள் இறங்கிவிடுவதால் குழாயின் உலோகம் தாங்கிக்கொள்ளும். நீர்மட்டம் குழாய்களுக்குக் கீழே இறங்கினால் உருக்கு காய்ந்து, சிவந்து, வலுவிழக்கும். அந்நேரத்தில் கலனின் சுவர் கிழிந்தால், அழுத்தத்தால் மட்டுமே நீராக இருந்த நீர் நொடிப்பொழுதில் நீராவியாகப் பொங்கும். சாதாரண வளியழுத்தத்தில் நீராவி, நீரைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தைப் பிடிக்கும். கொதிகலன் வெடிப்பு கட்டடங்களையே சாய்ப்பது இதனால்தான்.

ஆகவே நீர்மட்டம் குறைந்தால் சுவாலை அணைய வேண்டும். இது ஒரு காப்புச் செயல். அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. மட்டத்தை அறியும் மிதவை, முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருளை நிறுத்தும் வால்வு. இவற்றில் வால்வு என்னை எப்போதும் வியக்கவைக்கும். அது மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே திறந்திருக்கும். மின்சாரம் நின்றால் உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் வில் விரிந்து அதை மூடிவிடும். கம்பி அறுந்தாலும், உருகி எரிந்தாலும், ஊரே இருண்டாலும் விளைவு ஒன்றுதான்: சுவாலை அணையும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, இந்த வடிவமைப்பு ஒவ்வொரு நாளும் நாடு முழுவதும் சோதிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் "பாதுகாப்பான நிலை" எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றல்ல. விறகு எரியும் கொதிகலனில் காற்றை நிறுத்தினாலும் தணல் கனன்றுகொண்டே இருக்கும். அங்கே வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

இந்த மூன்று உறுப்புகளில் ஏதாவது ஒன்று, தேவைப்படும் கணத்தில் வேலை செய்யாமல் போகலாம். மிதவைக் கூட்டில் சேறு படிந்து மிதவை மேலேயே சிக்கிக்கொள்வது எல்லாக் கொதிகலன் இயக்குநர்களும் அறிந்த ஒன்று. ஐஈசி 61508 என்ற சர்வதேச நியமம் இந்தத் தோல்வியை எண்ணாகச் சொல்லக் கேட்கிறது. தேவைப்படும் பத்து முறைகளில் ஒரு முறை முதல் நூறில் ஒரு முறை வரை தவறும் காப்புச் செயல், "சில்" (SIL) எனப்படும் காப்புத் தர வரிசையில் சில் 1 என்ற முதல் தரத்தில் வரும். நூறில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை தவறுவது சில் 2. இப்படியே ஒவ்வொரு படியும் பத்து மடங்கு கடுமையாகி, சில் 4 வரை செல்கிறது.

எந்தத் தரம் தேவை என்பதைத் தீர்மானிப்பதுதான் இடர் மதிப்பீடு. எளிமைக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். நீர் ஊட்டும் பம்பு பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நிற்கிறது. எச்சரிக்கை மணி கேட்டு இயக்குபவர் ஓடிவந்து சரிசெய்யத் தவறும் வாய்ப்பு பத்தில் ஒன்று. அதற்குப் பிறகும் சுவாலையை அணைக்கும் காப்புச் செயல் தவறும் வாய்ப்பு நூறில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு விபத்து. தொழிற்சாலை ஏற்கத் தயாராக இருப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு ஒன்றுதான் என்றால், இன்னும் பத்து மடங்கு குறைய வேண்டும். இரண்டாவது மட்ட உணரி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது சோதனைகளை நெருக்கமாக்கலாம்.

அந்தப் பெருக்கல் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: மூன்று தோல்விகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். கெட்ட நோக்கம் எதுவும் இல்லாத இடத்திலேயே இந்த நிபந்தனை முறிவதுண்டு. நமக்குப் பழக்கமான கொலன்னாவை எரிபொருள் தாங்கிகளை மனக்கண்ணில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பர் 11 அதிகாலையில் நடந்ததைப் பாருங்கள். தாங்கி ஒன்றின் அளவுமானி சிக்கிக்கொண்டு ஒரே மட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்க, பெற்றோல் தொடர்ந்து ஏறியது. கடைசிக் காப்பாகத் தனியே பொருத்தப்பட்டிருந்த உயர்மட்ட ஆளியும் அசையவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு சிறு பூட்டுத் தேவை என்பதை அறியாமல், பூட்டில்லாமலே அதைப் பொருத்தியிருந்தார்கள். தாங்கி வழிந்து, ஆவி முகிலாகப் பரவி, வெடித்தது. உயிரிழப்பு இல்லாமல் போனது, அது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால்.

இனி ரவுட்டருக்கு வருகிறேன்.

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். அந்தக் குரங்குக்கு நாட்டை இருட்டாக்கும் எண்ணம் இல்லை. மின்சாரம் மீண்டபோது அதைத் தடுக்கவும் இல்லை. இதனுடன் உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்ததை ஒப்பிடுங்கள். பல மாதங்களுக்கு முன்பே வலையமைப்புக்குள் நுழைந்திருந்தவர்கள், மூன்று விநியோக நிறுவனங்களின் உபமின்நிலையங்களில் மின்சுற்று முறிப்பான்களைத் தூரத்திலிருந்து திறந்தார்கள். ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். அத்தோடு நிற்காமல், மறுபடி தூரத்திலிருந்து மூட முடியாதபடி தொடர்பாடல் கருவிகளின் மென்பொருளை அழித்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்கே மின்சாரம் போகும்படி செய்தார்கள். வாடிக்கையாளர்கள் முறையிட முடியாதவாறு தொலைபேசி இணைப்புகளைப் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். எந்தெந்தக் காப்புகள் மீட்புக்கு உதவுமோ, அவற்றையே தேடித் தேடி முடக்கினார்கள். நோக்கம் இருக்கும் இடத்தில் தோல்விகள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வருகின்றன.

கொதிகலனிலும் அப்படியே. ரவுட்டர் வழியாகப் பிஎல்சிக்குள் நுழைபவரால் பம்பை நிறுத்த முடியும், திரையில் நீர்மட்டத்தை உறையவைத்து மணி ஒலிக்காமல் செய்ய முடியும், அதே பெட்டிக்குள் இருக்கும் அணைக்கும் கட்டளையையும் நீக்கிவிட முடியும். மூன்று பூட்டுகளுக்கும் ஒரே சாவி. பத்தாயிரம் ஆண்டுகள் என்ற விடை அங்கே பொருளற்றுப்போய், மிஞ்சுவது ஒரே கேள்விதான்: அந்தச் சாவி எவ்வளவு எளிதில் கிடைக்கும்?

இது வெறும் கற்பனை என்று நினைக்க முடியாதபடி 2017 இல் சவூதி அரேபியாவில் ஒரு பெற்றோலிய வேதித் தொழிற்சாலை தாக்கப்பட்டது. ட்ரைட்டன் என்று பெயரிடப்பட்ட அந்தத் தீநிரல், உற்பத்தியை நடத்தும் கணினிகளோடு நிற்காமல், ஷ்னைடர் நிறுவனத்தின் ட்ரைகொனெக்ஸ் காப்புக் கட்டுப்படுத்திகளைக் குறிவைத்தது. அந்தக் கட்டுப்படுத்தியில் மூன்று செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு, வாக்களித்து முடிவெடுக்கும்; ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். தற்செயலான பழுதுக்கு எதிராக அது அருமையான வடிவமைப்பு. ஆனால் மூன்றுக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொடுத்தால் மூன்றும் ஒருமித்துப் பொய்யாகவே வாக்களிக்கும். அதன் முகப்பில் ஒரு சாவி ஆளி உண்டு. அது இயக்க நிலையில் இருந்தால் நிரலை மாற்ற இயலாது. அங்கே அது நிரல் எழுதும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. தாக்கியவர்களின் நிரலில் இருந்த பிழையால் கட்டுப்படுத்தி பாதுகாப்பான நிலைக்குப் போய்த் தொழிற்சாலையை நிறுத்தியதால்தான் விடயம் வெளியே வந்தது.

காவலுக்கான மதிப்பீடு இதனால் வேறு வழியில் போகிறது. ஐஈசி 62443 என்ற நியமத் தொடர், தொழிற்சாலையை வலயங்களாகப் பிரித்து, வலயங்களுக்கிடையே தரவு செல்லும் ஒவ்வொரு வழியையும் வரையச் சொல்கிறது. ஒவ்வொரு வலயமும் யாரைத் தாங்கி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் நிலை, தவறுதலாகக் கைவைப்பவர். இரண்டாவது, எளிய வழிகளை வேண்டுமென்றே கையாள்பவர். மூன்றாவது, இத்தகைய கருவிகளை நன்கறிந்த திறமைசாலி. நான்காவது, அதே திறமையோடு பெரும் வளமும் உடையவர். எத்தனை ஆண்டுக்கு ஒரு தாக்குதல் என்ற எண் இங்கே அடிப்படையாவதில்லை. நோக்கத்துக்கு நிகழ்தகவு போடுவதை நான் நம்புவதுமில்லை.

இரண்டு மதிப்பீடுகளையும் இணைக்கும் இடம்தான் என் பார்வையில் மிகவும் முக்கியமானது. செயன்முறைத் தொழிற்றுறைக்கான ஐஈசி 61511 நியமத்தின் 2016 பதிப்பு, காப்பு அமைப்புகளுக்குக் காவல் இடர் மதிப்பீடும் கட்டாயம் என்கிறது. நடைமுறையில் நாங்கள் செய்வது இது: காப்பு ஆவணத்திலுள்ள விபத்துப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் தடுக்கும் காப்புகளை வரிசையாக வைத்து, "இதை ஒரு விசைப்பலகையால் முடக்க முடியுமா?" என்று கேட்கிறோம். அழுத்தம் மிஞ்சினால் திறந்து நீராவியை வெளியேவிடும், வில்லால் இயங்கும் பாதுகாப்பு வால்வுக்கு விடை "முடியாது". பிஎல்சிக்குள் எழுதப்பட்ட எதற்கும் விடை "முடியும்". ஒரு விபத்தைத் தூண்டவும் முடிந்து, அதற்கெதிரான எல்லாக் காப்புகளுக்கும் "முடியும்" என்றே விடை வந்தால், அங்கே வலையமைப்பைத் தொடாத ஒரு காப்பாவது சேர்க்கப்பட வேண்டும். நான் பார்த்த கொதிகலனில் மிகையழுத்தத்துக்குப் பாதுகாப்பு வால்வு இருந்தது. ஆனால் நீர்மட்டம் குறைவதற்கு அது எதையும் செய்யாது. அந்த ஒரு வரியில் எல்லா விடைகளும் "முடியும்" என்றே வந்தன.

காப்பும் காவலும் சில இடங்களில் ஒன்றோடொன்று மோதும். மூன்று முறை தவறான கடவுச்சொல் இட்டால் கணக்கைப் பூட்டுவது வங்கிக்குச் சரி. வாயு கசியும்போது பதற்றத்தில் தட்டச்சுச் செய்பவருக்கு அது கொடுமை. ஆகவே அவசர நிறுத்தப் பொத்தான் ஒருபோதும் கடவுச்சொல் கேட்கக் கூடாது. மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்கச் சொல்கிறது காவல். சோதித்துச் சான்றளித்த ஒன்றில் கைவைத்தால் திரும்பவும் சோதிக்கச் சொல்கிறது காப்பு. இரு தரப்பினரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் இந்தப் பிணக்குகள் தீராது. நம் தொழிற்சாலைகளில் ஒன்று பொறியியற் பிரிவிலும் மற்றது கணினிப் பிரிவிலும் கிடக்கிறது. கொதிகலன்களைப் பரிசோதிக்கச் சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1942 ஆம் ஆண்டுக்குரியது, இரும்பையும் அழுத்தத்தையும் மனதிற்கொண்டு எழுதப்பட்டது. ரவுட்டர் இருவர் கண்ணிலும் படாமல் இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. ரவுட்டரின் மின்னிணைப்பு ஒரு சாவி ஆளிக்கு மாற்றப்பட்டது. பராமரிப்பு நிறுவனம் தொலைபேசியில் அழைத்த பிறகு, இயக்குபவர் சாவியைத் திருப்பினால்தான் அது உயிர்பெறும். கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது. நீர்மட்டத்துக்கு இரண்டாவது மிதவை ஒன்று, பிஎல்சியைத் தொடாமல், நேராக எரிபொருள் வால்வின் மின்கம்பியிலேயே இணைக்கப்பட்டது. பொருத்தி முடித்த அன்று, பிஎல்சியிலிருந்து வால்வைத் திறந்து வைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, புதிய மிதவைக் கூட்டின் வடிகாலை இயக்குபவரே மெல்லத் திறந்தார். பழுப்பு நீர் ஓடியது. மிதவை இறங்கும் சத்தம் கேட்டது. திரையில் வால்வு திறந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்க, பர்னர் அணைந்தது.