நிரோதியா, தடுப்பியா?

காலபோக நெல் விதைப்பு முடிந்து களைக்கு மருந்தடிக்கும் நாள்கள் வந்தால், கிளிநொச்சிப் பக்கம் கைமாறும் துண்டுப்பிரசுரங்களில் ஒளித்தொகுப்பை, அதாவது ஒளிச்சேர்க்கையை, தடுக்கும் களைகொல்லிக்கு 'ஒளித்தொகுப்பு நிரோதி' என்ற பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வேரைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில 'இன்ஹிபிட்டர்', பிடித்து நிறுத்துவதைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழி வந்தது. நிரோதியும் வடமொழியில் தடுத்தல் என்ற பொருள்தரும் அடியில் பிறந்ததுதான். பொருளில் பிழையில்லை. ஆனால் வரம்பில் நிற்பவருக்கு அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. உயர்தர மாணவரோ 'நொதிய நிரோதி' என்று மனப்பாடம் செய்து புள்ளி வாங்குகிறார். தகப்பன் முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கிக்குள் இருப்பதும் அந்த இனம்தான் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை.

புரோபனில் என்ற நெல்வயல் களைகொல்லியை எடுங்கள். இலைக்குள் ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியில், ஒளியைப் பிடிக்கும் இரண்டாம் ஒளித்தொகுதியின் டி1 புரதத்தில், இலத்திரனை வாங்கிச் செல்லும் பிளாஸ்டோகுவினோன் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இலத்திரன் அதற்கு அப்பால் போக வழியில்லை. வெயிலோ விழுந்துகொண்டே இருக்கிறது. செலவாகாத சக்தி ஒட்சிசனை வெறிகொள்ள வைக்க, அது மென்சவ்வுகளைச் சிதைக்கிறது. புல் பட்டினியால் சாகுமுன்னே கருகிவிடுகிறது. நெல்லிடம் புரோபனிலை உடைக்கும் நொதியம் உண்டு, அதனால் தப்புகிறது.

இதைத் 'தடுப்பி' என்று சொல்லிப் பாருங்கள். எதை, எங்கே தடுக்கிறது என்ற கேள்வி உடனே எழும். நிரோதியிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான், 2008 முதல் இலங்கையில் படிப்படியாக விலக்கப்பட்ட பரகுவாட் களைகொல்லியையும் நிரோதிப் பட்டியலில் கூச்சமின்றிச் சேர்க்கிறார்கள். பரகுவாட் எதையும் மறிப்பதில்லை. முதலாம் ஒளித்தொகுதியிலிருந்து இலத்திரனைப் பறித்து ஒட்சிசனிடம் கொடுக்கிறது. கிளைபோசேட் என்ற களைகொல்லி தடுப்பதோ ஒளித்தொகுப்பை அல்ல, அமினோ அமிலம் ஆக்கும் வேறொரு நொதியத்தை.

'ஒடுக்கி' என்பாரும் உண்டு. தமிழகப் பாடநூல்களில் ஒடுக்கம் என்பது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினை. காபனீரொட்சைட்டை வெல்லமாக்குவதே ஒடுக்கம்தான். அப்படியிருக்க 'ஒளிச்சேர்க்கை ஒடுக்கி' அதற்கு உதவுகிறதா, கெடுக்கிறதா? 'அழிப்பான்' இன்னும் மோசம்: பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளிலிருந்து, புரோபனில் பிடிக்கும் அதே இடத்தைப் பிடிக்கும் டையூரோன் களைகொல்லியைக் கழுவி அகற்றினால் இலத்திரன் ஓட்டம் மீள்கிறது. அழிந்தது எப்படி மீளும்?

'தடுப்பான்' பரவாயில்லை. ஆனால் களைகொல்லி, உறிஞ்சி என்று இகரத்தில் முடிக்கும் வழக்கம் கையில் இருக்க, ஒரு வேதிப்பொருளுக்கு ஆண்பால் சாயல் எதற்கு? கலைச்சொல் தொகுதியில் கண்ட முதற் சொல்லை அப்படியே எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் எவரும் களை பிடுங்கியவர்களும் அல்லர்.